ஐந்தாவது துடிப்பு

என் அம்மா சாகக் கூடாது என்று நூற்றுச் சொச்சம் நாடுகள் கூடித் தீர்மானம் போட்டிருந்தன. தீர்மானத்தின் நகல் ஒன்று எனக்கும் வந்தது, வழுவழுப்பான தாளில், பொன்னிற முத்திரையோடு. எங்கே வைப்பதென்று தெரியாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அம்மாவிடம் காட்டியிருந்தால், "எமனுக்கு மனு எழுதியிருக்காங்களாக்கும். அவன் இங்கிலீஷ் படிச்சவனா?" என்று கேட்டிருப்பாள். காட்ட வழியில்லை. அம்மா கண்ணைத் திறந்து மூன்று தீபாவளி போயிருந்தது.

நான் தாரணி. கோயமுத்தூரில் கால்நடை மருத்துவர். எனக்கு இது பெருமையான தொழில்தான். ஆனால் மயிலாத்தாளின் மகள் மாட்டு வைத்தியம் பார்க்கிறாள் என்பதில் ஊருக்கு ஓர் ஏமாற்றம் உண்டு. மயிலாத்தாள் என்றால் சும்மாவா? எட்டாம் வகுப்புப் பாடத்தில் படம் போட்டு ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு மேம்பாலத்துக்கு அவள் பெயர் வைத்திருக்கிறார்கள். 'தனி மனிதருக்கான கணிப்பொறியையும் உலகை இணைக்கும் வலையையும் உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர்' என்று பாடத்தில் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு அம்மா, எழுதின வாத்தியாருக்கு மூச்சு வாங்கியிருக்கும், பாவம் என்றாள்.

கணபதியில் அவளுடைய அப்பா மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அங்கே சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டவள், கல்லூரி நாட்களில் பிளைவுட் பெட்டிக்குள் ஒரு கணிப்பொறியை அடைத்து, வீட்டு டிவியையே திரையாக்கி, பஞ்சாலைக் கணக்குப்பிள்ளைகளுக்கு விற்றாள். பிறகு அமெரிக்கா. பழைய இணையத்தைப் பெரிய கம்பெனிகள் பாகம் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வலையை அதற்கு அடியில் பின்ன வேண்டும் என்று ஐந்து பேர் கிளம்பினார்கள். அம்மா, அயர்லாந்துக்காரர் ஒருவர், ஜப்பானியப் பெண்மணி ஒருவர், பிரேசில்காரர், கென்யாக்காரர். வலைக்குக் கண்ணி என்று பெயர் வைத்தது அம்மா. இன்றைக்கு வங்கி, ரயில், மின்சாரம், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் என்று எதைத் தொட்டாலும் அடியில் கண்ணிதான் ஓடுகிறது.

அவளைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். "நான் என்னத்தக் கண்டுபுடிச்சேன்? ரெண்டு மெசினு ஒண்ணுக்கொண்ணு பேசமாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிட்டு நின்னுச்சு. நடுவால பூந்து சமாதானம் பண்ணி வெச்சேன். அவ்வளவுதான்."

எண்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே போட்டாள். எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். நிமிர்வதற்குள் அவள் முகத்தில் ஒரு பாதி என்னை விட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து மூடினார்கள். பெரிய டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூளையில் இனி மீளுவதற்கு ஒன்றுமில்லை, குழாயை எடுத்துவிட்டால் இரண்டொரு நாளில் அமைதியாகப் போய்விடுவார்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கென்யாக்காரர் செத்த வருஷமே அம்மா சொல்லியிருந்தாள், குழாய் கிழாய் மாட்டி என்னை வெச்சுராதே என்று. சரி என்றேன். அன்றிரவு அவளுக்காக அழுதும் முடித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினேன், அதுதான் என் வெகுளித்தனம்.

மறுநாள் காலை நௌஷாத் வந்தான். உக்கடத்துப் பையன், நாற்பது வயதுக்கு முன்னாலேயே தலை நரைத்தவன். கண்ணியைப் பார்த்துக்கொள்ளும் காப்பு மன்றத்தில் இன்ஜினியர். அம்மாவின் எழுத்தைப் படித்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தவன். என்னை அக்கா என்றும் அம்மாவை அம்மா என்றும் கூப்பிடுவான். ஆஸ்பத்திரி கேன்டீனில் எதிரே உட்கார்ந்துகொண்டு, டீயைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழாயை எடுக்க முடியாதுங்க்கா," என்றான்.

ஏன் என்றேன். என்ன திமிர் இவனுக்கு என்றும் தோன்றியது.

"பென்ஷன் வாங்கறவங்க வருசா வருசம், உயிரோடதான் இருக்கேன்னு ஒரு சர்டிபிகேட் குடுக்கறாங்கல்லங்க்கா? அது வரலீன்னா பென்ஷன் நின்னுரும். இதும் அதே கதைதானுங்க. அஞ்சு பேர்ல ஒருத்தராவது உயிரோட இருக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் கண்ணி ஓடும்."

"பென்ஷன் யாருக்கு?"

"நம்ம எல்லாருக்குந்தானுங்க்கா."

பிறகு அவன் சொன்னதை நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கண்ணி ஓட ஆரம்பித்த உடனே விலை பேச ஆட்கள் வந்துவிட்டார்கள். ஐந்து பேரையும் ஓரங்கட்டிவிட்டு எவனாவது கைப்பற்றிக்கொள்வான் என்று இவர்களுக்குப் பயம். அதனால் ஒரு வரி எழுதிச் சேர்த்தார்கள். எங்களில் ஒருவராவது உயிரோடு இருந்து, ஓடட்டும் என்று சொன்னால்தான் ஓட வேண்டும். எந்திரத்துக்கு மேலே எப்போதும் ஒரு மனுஷ உயிர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த வரியை மாற்ற வேண்டுமானால் ஐந்தில் மூன்று பேர் சம்மதிக்க வேண்டும்.

"நல்ல எண்ணந்தானே," என்றேன்.

"ரொம்ப நல்ல எண்ணமுங்க. அந்த வரிக்குப் பக்கத்துல அம்மாவே ஒரு குறிப்பு எழுதி வெச்சுருக்காங்க. தற்காலிக ஏற்பாடு, அடுத்த கூட்டத்துல மாத்திக்கலாம்னு."

அடுத்த கூட்டத்தில் வேறு அவசரம் வந்தது. அதற்கடுத்ததில் அயர்லாந்துக்காரருக்கும் பிரேசில்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நம் ஊரில் தற்காலிகமாகப் போட்ட கொட்டகையில் பேரப்பிள்ளைகள் வியாபாரம் பார்ப்பதில்லையா? அப்படித்தான். முதலில் ஐவரும் மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்தினால் போதும் என்றிருந்தது. எல்லோரும் ஒரே மாதம் மறந்தபோது ஐரோப்பாவில் ரயில்கள் நடுவழியில் நின்றன. மறதிக்கு மருந்தாக, அவரவர் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்து, இதயத் துடிப்பையே சம்மதமாக எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். துடித்தால் சம்மதம். இந்த ஏற்பாட்டை உலகத்தில் உள்ள அத்தனை சிப்புகளுக்குள்ளும் கல்வெட்டு மாதிரி வெட்டி வைத்த பிறகுதான் ஒருத்தர் பின் ஒருத்தராகச் சாக ஆரம்பித்தார்கள். வரியை மாற்ற மூன்று பேர் வேண்டும் என்று யாரோ ஞாபகப்படுத்தியபோது இரண்டு பேர்தான் மிச்சம்.

"இப்ப அம்மாவோடது அஞ்சாவது துடிப்புங்க்கா. கடைசி."

"நின்னா என்ன ஆகும்?"

"எல்லாம் ஒரே நொடியில நிக்காதுங்க. ஒரு மெசினு இன்னொரு மெசினை நம்பறதை உட்ரும். ஒவ்வொண்ணா. மொதல்ல ஆஸ்பத்திரிக." அவன் இப்போதுதான் டீயை ஒரு வாய் குடித்தான். "இதுக்குப் பதிலா நாங்க புதுசா ஒண்ணு கட்டிட்டு இருக்கறோம். ஆறே மாசம் குடுங்க. தற்காலிகமாத்தானுங்க்கா."

ஆறு மாதம் கொடுத்தேன். கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொண்டிருப்பார்கள், ஆனாலும் நான் கொடுத்ததாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் ஒரு வருஷமானதும் கோர்ட்டுக்குப் போனேன். நீதிபதி நல்லவர். என் வக்கீல் அம்மாவின் விருப்பத்தைப் பற்றி உருக்கமாகப் பேசியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துடைத்து மாட்டிக்கொண்டு, என் அம்மாவை நாட்டின் முக்கியக் கட்டமைப்பாக அறிவித்தார். அணைக்கட்டு, அணு உலை, என் அம்மா. அந்த வாரமே ஆஸ்பத்திரிக் கதவில் துப்பாக்கியோடு போலீஸ் வந்து நின்றது. பெற்ற தாயைப் பார்க்க எனக்குக் கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள்.

அறைக்குள் கட்டிலையொட்டி டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி இருந்தது. அம்மாவின் நெஞ்சிலிருந்து துடிப்பை வாங்கி உலகத்துக்குச் சொல்வது அதுதான். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். மந்திரிகள் வந்தால் அம்மாவைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பார்ப்பார்கள். பச்சை எரிகிறதா, சரி, கும்பிடு, போட்டோ. அம்மாவின் முதுகில் படுக்கைப் புண் குழி விழுந்திருந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. எத்தனையோ மாடுகளுக்கு அந்த மாதிரிப் புண்ணைக் கழுவியிருக்கிறேன். கழுவும்போது மாடு கத்தும். அம்மா கத்தவில்லை, அவள் புருவம் மட்டும் லேசாகச் சுருங்கும். மூளையில் ஒன்றுமில்லை, அது வெறும் நரம்பின் பழக்கம் என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதே கையால் நான் காலையில் கிளினிக்கில் நாய்களுக்குக் கடைசி ஊசி போட்டுவிட்டு வருவேன். ஒரு லாப்ரடாரின் சொந்தக்காரர், புண்ணியமாப் போகுதுங்க டாக்டர், வலியிலிருந்து விடுதலை குடுத்தீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் வந்த பொறாமையை என்னவென்று சொல்ல?

அம்மாவைப் பார்க்க உறவு என்று தவறாமல் வந்தது ஒருவர்தான். குழந்தைவேல் மாமா, அம்மாவின் தம்பி. பெருந்துறைப் பக்கம் மஞ்சள் விவசாயம். எழுபத்தைந்து வயதில் பஸ் மாறி வருவார். அட்டை கிடைக்காததால் அறைக் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க முடியும். கண்ணாடியில் வாயை வைத்து மஞ்சள் விலை, கிணற்றுத் தண்ணீர், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஒன்று விடாமல் அக்காளுக்குச் சொல்வார். போகும்போது என்னிடம், "பச்சை நல்லா எரியுது அம்முணி, அக்கா தெம்பாத்தான் இருக்கறா," என்பார். அவர் ஒருவர்தான் அந்தப் பெட்டியைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டவர்.

ஒருமுறை துணிந்தேன். போலீஸ்காரர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். மூச்சுக் குழாயின் இணைப்பில் கை வைத்துவிட்டேன். பக்கத்து அறையில் டயாலிசிஸ் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அங்கே ஷோபனா என்று ஒரு பெண், கல்யாணமாகி வருஷம் திரும்பாதவள், வாரத்துக்கு மூன்று நாள் வருவாள். என்னைக் கண்டால் சிரிப்பாள். அந்த எந்திரத்தின் நெற்றியிலும் கண்ணியின் முத்திரை உண்டு. என் அம்மாவின் வேதனையை நிறுத்த அவளைக் கொல்ல வேண்டும். கையை எடுத்துவிட்டேன். எடுத்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் வீட்டுக்குப் போய் அம்மாவின் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அம்மா, எதுக்கு இந்தப் பாழாய்ப்போன வரியை எழுதித் தொலைச்சே என்று திட்டினேன்.

நான்காவது வருஷம் சித்திரை வெயிலில் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி கண்டது. மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. மத்தியானம், நான் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது ஆஸ்பத்திரி மானிட்டரில் கோடு தடுமாறி, தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டரம்மா ஓடி வந்தார். அம்மாவின் நெஞ்சை அமுக்கினார்கள், ஷாக் கொடுத்தார்கள், திரும்ப அமுக்கினார்கள். விலா எலும்பு ஒடியும் சத்தம் எனக்குக் கேட்டது. போதும் விடுங்க என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர்களும் அம்மாவுக்காகவா அமுக்கினார்கள்? கடைசியில் டாக்டரம்மா கையை எடுத்தார். அவர் சேலையெல்லாம் வேர்வை.

பிறகு நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். உலகம் நிற்பதற்காக. நர்ஸ் தன் பிள்ளைகள் ரயிலில் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஷோபனாவின் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ லிஃப்ட்டுக்காகச் சண்டை போட்டார்கள்.

டாக்டரம்மாதான் முதலில் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தடுமாற்றம் இல்லை, அவசரம் இல்லை. நிதானமாக, நடந்து பழகிய ஒரு நடுவயதுக்காரியின் துடிப்பு. நான் உள்ளங்கையை அம்மாவின் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பெட்டியில் மினுக்கியது. மறுபடி வைத்தேன். மறுபடி மினுக்கியது.

ஒயர் கழன்றிருக்குமோ என்றாள் நர்ஸ். ஒயர் கழன்றால் எரியாதே என்றேன் நான். நௌஷாத்துக்குப் போன் போட்டேன்.

நௌஷாத் வந்தபோது அம்மாவின் முகத்திலிருந்து குழாயை நானே எடுத்துவிட்டிருந்தேன். அவன் வாசலிலேயே நின்று அவளைப் பார்த்தான். அப்புறம் அந்த நரைத்த தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அழுகை அடங்கும்வரை விட்டேன். என்னிடம் அப்போது கோபம்கூட இல்லை. பெட்டியைக் காட்டி, இது யாருடைய துடிப்பு என்று கேட்டேன்.

"அம்மாவோடதுதானுங்க்கா. பழசு. ரெண்டாவது வருசம் ஒரு தடவை துடிப்பு ரொம்பக் கொறைஞ்சுது. பயந்துபோயிட்டு, அம்மா நல்லா இருந்த காலத்துல பதிவு பண்ணி வெச்சிருந்ததை ஓட்டி உட்டோம். கண்ணி ஏத்துக்கிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அதேதானுங்க ஓடிட்டு இருக்குது."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் அம்மாவின் இதயத்தை எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழாய், அந்தப் புண், அந்த விலா எலும்பு, எதற்கும் உலகத்தில் ஒரு தேவையும் இருக்கவில்லை.

"அன்னைக்கே இவங்களை உட்ருக்கலாமே, நௌஷாத்."

"ஓடறதைத் தொடக்கூடாதுன்னு எங்க வேலையில மொதப் பாடமுங்க்கா. புது மெசினு மாட்டுனாலும் பழசை உடனே அணைக்க மாட்டோம். புதுசு நல்லா ஓடுதான்னு உறுதியாத் தெரியோணும்."

"அது எப்பத் தெரியும்?"

"பழசு நின்னாத்தானுங்க்கா தெரியும்," என்றான். "நிறுத்திப் பாக்க ஒருத்தருக்கும் தைரியம் வரலீங்க. கூட்டம் கூட்டமாப் போட்டோம். ஒவ்வொரு கூட்டத்துலயும், இருக்கறது இருக்கட்டும், அடுத்ததுல பாத்துக்கலாம்னு எந்திரிச்சுட்டோம்."

அடிக்கத்தான் கை ஓங்கினேன். ஆனால் இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் வேறு ஏதோ ஊரில், ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இதையேதான் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அதில் ஒருத்தி இதோ கட்டிலில் கிடந்தாள். ஓங்கிய கையை மடியில் போட்டுக்கொண்டேன்.

அதற்கு மேல் அவன் சொன்னதுதான் பெரிய இடி. அம்மா செத்ததை வெளியே சொல்ல முடியாது. இறப்பைப் பதிவு செய்தால் பதிவேடு கண்ணிக்குத் தெரிவிக்கும். செத்தவளிடமிருந்து துடிப்பு எப்படி வருகிறது என்று கண்ணி கேட்கும். ஊருக்குத் தெரிந்தாலும் அதே வினைதான். பதிவு செய்த துடிப்பை ஏற்றுக்கொள்கிறது என்று தெரிந்தால், நாளைக்கே எந்தத் திருடனும் ஒரு துடிப்பைக் கொண்டுவந்து உலகத்தைத் தன்னதென்பான். ஆகவே பெட்டி எரிய வேண்டும், மயிலாத்தாள் இருக்க வேண்டும். தொற்று அபாயம் என்று சொல்லிக் கண்ணாடிக்குத் திரை போட்டுவிடலாம். அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும் புதுசு தயாராகும்வரை.

"தற்காலிகமா?" என்றேன்.

பக்கத்து அறையிலிருந்து ஷோபனா எழுந்து வந்து, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, என்னங்க்கா கூட்டமா இருக்குது, அம்மா நல்லாத்தானே இருக்காங்க என்று கேட்டாள். நல்லா இருக்காங்க சாமி, நீ பாத்துப் போ என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில் எனக்கே பயம்.

பெயரில்லாமல் ஒரு உடலை எரிப்பதற்கு இந்த நாட்டில் ஒரே ஒரு வழிதான் உண்டு. ரோட்டோரத்தில் கிடந்த, உரிமை கோர ஆளில்லாத கிழவி என்று போலீஸில் ஒரு தாள் தயாரானது. நான் அந்தக் கிழவிக்குத் தொண்டு செய்ய வந்த யாரோ ஒரு பெண்மணி. மின் மயானத்தில் அன்றைக்கு அனாதைகள் இரண்டு பேர். அம்மா இரண்டாவது. ஆஸ்பத்திரிப் போர்வையோடு உள்ளே போனாள். மயானத்துக்காரர் பாவம் நல்ல மனுஷர், யாருமில்லாத பொணத்துக்கு நீங்களாவது வந்தீங்களே, நல்லா இருப்பீங்க என்றார். உரக்க அழுதால் சந்தேகப்படுவார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உலை திறந்து மூடுவதற்குக் கண்ணியிடம்தான் அனுமதி கேட்டது. உடனே கிடைத்தது.

அதற்குப் பிறகும் அம்மாவுக்கு விருதுகள் வந்தன. பிறந்த நாளைக்கு ஜனாதிபதி வாழ்த்து அனுப்பினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் மயில் படம் வரைந்து ஒட்டினார்கள். நான் வாரத்துக்கு மூன்று நாள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு போய், காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பெட்டி என்னைப் பார்த்து மினுக்கும். சில நாள் அதனிடம் பேசியும் இருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது என் அம்மா கருவேப்பிலை கிள்ளிக்கொண்டும் ரேடியோ கேட்டுக்கொண்டும் இருந்த ஏதோ ஒரு நல்ல நாளின் துடிப்பு.

ஆடி மாதத்தில் குழந்தைவேல் மாமா கிளினிக்குக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் திரை போட்டிருக்கிறது, போலீஸ்காரன் உள்ளே விடமாட்டேன் என்கிறான், அதனால் இங்கே வந்துவிட்டேன் என்றார். பாதியாக இளைத்திருந்தார். படியேறி வந்த மூச்சு அடங்க நேரமானது. ஒரு கன்றுக்குட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் அதை அவசரமாக முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். தண்ணீர் கொடுத்தேன். என்ன மாமா உடம்புக்கு என்றேன்.

"குடல்ல கட்டியாமா. பெரியாஸ்பத்திரில கெடு குடுத்துட்டாங்க. பொங்கலைப் பாக்கமாட்டேன்," என்றார், மழை வராது என்று சொல்கிற மாதிரி. நான் பதறியதைக் கையமர்த்திவிட்டு, மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். அரக்கு நிறத்தில் கைத்தறிச் சேலை. மடிப்புக் கலையாதது. அதன் மேல் ஒரு மஞ்சள் கிழங்கு, அவர் காட்டில் விளைந்தது.

எங்கள் பக்கம் பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் எடுக்க மாட்டார்கள். எவ்வளவு நேரமானாலும் காத்துக்கிடப்பார்கள்.

"என்ற அக்காளுக்கு நாந்தான் போடோணும், மொறை அது. ஆனா அவளை என்னமோ நூறு வருசம் வெச்சுருப்பானுகளாட்ட இருக்குது. நான் முந்திக்குவேன் அம்முணி. அதனாலதான் கொண்டாந்தேன். நீ பத்திரமா வெச்சிரு. என்னைக்கானாலும் இதைப் போத்தாம அவளை எடுக்க உட்ராதே."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவருக்கு உரிமை உண்டு, வேறு யாரையும்விட. ஆனால் மாமா அழுதால் ஊர் அழும். ஊர் அழுதால் சாயங்காலத்துக்குள் உலகத்துக்குத் தெரியும். ஷோபனாவுக்கு மறுநாள் டயாலிசிஸ்.

அக்கா இப்ப எப்பிடி இருக்கறா என்று கேட்டார். அப்படியேதான் இருக்குது மாமா, பச்சை எரிஞ்சுட்டுத்தான் இருக்குது என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"அது போதுஞ்சாமி. நான் போயிட்டாலும் நீ மருகாதே. பொறந்தவன் கோடி இல்லாம என்ற அக்காளை அனாதைப் பொணமாட்டப் போக உட்ருவனா?"

சேலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.